வினாத்தாள் திருச்சமூகத்துக்கு வாழ்த்து மடல்

மாட்சிமை தங்கிய வினாத்தாள் பெருமானே! இளைஞர்களின் பாலியல் நல விழிப்புணர்வை அளந்தருளும் பொருட்டு ஆண்டுதோறும் அவதரிக்கும் அருட்பெருங்காகிதமே! அறிவு, மனப்பான்மை, நடைமுறை என்னும் மூன்று திருமுகங்களோடும், நான்கு பக்கத் திருமேனியோடும், ‘இது முற்றிலும் ரகசியமானது’ என்னும் நெற்றிப் பட்டத்தோடும் எழுந்தருளும் தங்களை வாழ்த்த வார்த்தைகள் போதா. போதாத வார்த்தைகளைக் கொண்டே வாழ்த்துகிறேன். போதாது என்று கண்டுபிடிப்பதுதானே தங்கள் குலத்தொழில்!

தங்கள் திருஅவதார மகிமையை முதலில் சொல்ல வேண்டும். மற்ற ஆராய்ச்சிகள் ஏதோ ஒரு சந்தேகத்தில் பிறக்கின்றன; அற்பப் பிறவிகள். தாங்களோ ஆய்வேடு சமர்ப்பிக்கும் கடைசித் தேதியின் திருவயிற்றில் உதித்தவர். முதுநிலை இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி தலைப்புக் கிடைக்காமல் தவித்து நிற்கையில், வழிகாட்டிப் பெருந்தகை சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி, “ஏதாவது ஒரு அவேர்னஸ் ஸ்டடி எடுத்துக்கோம்மா, சீக்கிரம் முடிஞ்சிடும்” என்று திருவாய் மலர்கிறார். அக்கணமே தாங்கள் ஜனித்துவிடுகிறீர்கள். இரண்டு ஆண்டுக்கு முன் முடித்துப் போன சீனியர் அக்காவின் ஆய்வேட்டிலிருந்து முப்பது கேள்விகள், எழுத்துப்பிழைகள் உட்பட, சீதனமாக வந்து சேர்கின்றன. மாறுவது ஊர்ப் பெயர் ஒன்றுதான். அதுவும் சில ஏடுகளில் முன்னுரையில் மாறி, முடிவுரையில் மாறாமல் பழைய ஊராகவே நின்று, தங்கள் வம்சாவளியைப் பறைசாற்றுகிறது.

நாட்டின் செவிலியர் கல்லூரி நூலகங்களிலும், மருத்துவக் கல்லூரிகளின் சமூக மருத்துவத் துறைகளிலும், சமூகப்பணித் துறைகளிலும் கறுப்பு ரெக்ஸின் அட்டையும் பொன்னெழுத்துமாகத் தங்கள் திருவுருவங்கள் அணிவகுத்து நிற்கும் காட்சியைக் காணக் கண் கோடி வேண்டும். ‘தேர்ந்தெடுக்கப்பட்ட கல்லூரியில் இளம்பெண்களிடையே பால்வினை நோய் குறித்த அறிவின் மீது திட்டமிட்ட கற்பித்தலின் விளைவு’ என்று ஒன்று. பக்கத்தில் அதே தலைப்பில் இன்னொன்று. அதற்கும் பக்கத்தில் ‘இளம்பெண்கள்’ என்பதற்குப் பதில் ‘வளரிளம் பெண்கள்’ என்று மாற்றிய மூன்றாவது. மூன்றையும் திறந்து படித்த ஒரே ஜீவன் பூச்சி என்று பொறாமைக்காரர்கள் பேசுவார்கள். வைவா தேர்வன்று புறத்தேர்வாளர் உள்ளடக்கப் பக்கத்தையும் நன்றியுரையையும் பார்த்ததை அவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

யாரை அளப்பது என்பதிலும் தங்கள் விவேகம் விவேகம்தான். இந்நாட்டின் இளைஞர்கள் பலவிடங்களில் சிதறிக் கிடக்கிறார்கள். திருப்பூர் பனியன் கம்பெனியில் ஷிப்ட் முடித்து ஒரே அறையில் எட்டுப் பேராகப் படுப்பவர்கள், செங்கல் சூளையில் குடும்பத்தோடு இருப்பவர்கள், பதினேழில் மணமாகிப் பத்தொன்பதில் இரண்டாம் பிள்ளையைச் சுமப்பவர்கள், டூ வீலர் மெக்கானிக் கடையில் ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பவர்கள். இவர்களையெல்லாம் தேடிப் போனால் வெயில் படும். மேலும் இவர்களுக்கு வருகைப் பதிவேடு கிடையாது. ஆகவே தாங்கள் தங்கள் சொந்தக் கல்லூரியின் முதலாண்டு மாணவர்களையே இந்திய இளைஞர்களின் பிரதிநிதிகளாகப் பட்டாபிஷேகம் செய்கிறீர்கள். இதற்குக் ‘கன்வீனியன்ஸ் சாம்பிள்’ என்று சாஸ்திரோக்தமான பெயரும் உண்டு. யாருடைய சௌகரியம் என்று கேட்பவன் ஆராய்ச்சி முறையியல் படிக்காதவன்.

தாங்கள் சபையேறும் கோலத்தை அருகிருந்து தரிசித்த பாக்கியவான் நான். ஒரு கலைக் கல்லூரியின் கருத்தரங்கக் கூடம். மாணவர்கள் இடப்பக்கம், மாணவிகள் வலப்பக்கம், நடுவே மதில் போல ஒரு பேராசிரியை. “யாரும் பேர் எழுத வேண்டாம், இது ரகசியம்” என்று ஆய்வாளர் அறிவிக்கிறார். “ஆனா ரோல் நம்பர் மேல போட்ருங்க, அட்டென்டன்ஸுக்கு” என்று பேராசிரியை நிறைவு செய்கிறார். இருபது நிமிட மௌனம். மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு கிசுகிசுப்பு: “டேய், ஏழாவதுக்கு என்னடா?” பதில்: “‘சி’ போடு. முன்னாடி பெஞ்சு எல்லாம் ‘சி’தான்.” அந்த ‘சி’ பின்னாளில் மூன்று வண்ண வட்ட வரைபடமாகி, ‘மாணவர்களின் அறிவு மிதமான அளவில் உள்ளது’ என்ற முடிவாகி, தேசியக் கருத்தரங்கில் சான்றிதழும் பெற்றது. வலப்பக்கத்தில் ஒரு கை தயங்கித் தயங்கி உயர்ந்தது. “மிஸ், இதுல வெள்ளைப்படுதல்னு போட்டிருக்கே… அது எப்பவுமே நோயா மிஸ்? எனக்கு வந்து…” ஆய்வாளர் பதறிப்போனார். “இப்ப அதெல்லாம் சொல்லக் கூடாதும்மா. சொன்னா பயாஸ் ஆயிடும்.” அந்தப் பெண் கையை இறக்கிக்கொண்டாள். பதினெட்டு ஆண்டுகளில் அவள் வாய் திறந்து கேட்ட முதல் கேள்வியாக அது இருந்திருக்கலாம். ஆயினும் தரவின் கற்பு காக்கப்பட்டது. அதைவிடப் பெரிய கற்பு எது?

சில வேளைகளில் தாங்கள் கருணை மிகுந்து போதிக்கவும் செய்கிறீர்கள். காலையில் ஒருமுறை பரீட்சை, பிறகு முக்கால் மணி நேரப் பவர்பாயிண்ட், டீ, சமோசா, பிற்பகலில் அதே கேள்விகள் மறுபடி. மதிப்பெண் ஏறுகிறது. பி மதிப்பு 0.05-க்குக் கீழே சாஷ்டாங்கமாக விழுகிறது. ‘கற்பித்தல் பயனுள்ளது என்று நிரூபணமாயிற்று.’ ஆறு மாதம் கழித்துப் போய், ‘அம்மா, நீ கற்றது உனக்கு எங்கேயாவது உதவிற்றா?’ என்று கேட்டுத் தொந்தரவு செய்யும் அநாகரிகம் தங்கள் பரம்பரையில் அபூர்வம்.

தங்கள் திருமேனியில் முப்பது கேள்விகள் இருந்ததாகச் சொன்னேன். அவை சபைக்கு வரும்போது இருபத்திரண்டு. நெறிமுறைக் குழுவைத் தாண்டி வந்த கேள்விகளைக் கல்லூரி முதல்வர் தம் பொற்கரத்தால், சிவப்பு மையால், ஆபரணங்களைக் கழற்றுவது போலக் கழற்றிவிடுகிறார். ‘உங்களுக்குப் பாலுறவு அனுபவம் உண்டா?’ என்பது முதலில் போகும். நம் பிள்ளைகளுக்கு அது கிடையாது என்பது முதல்வருக்கே தெரியும்போது பிள்ளைகளைக் கேட்பானேன். ‘ஆணுறையை எங்கே வாங்குவீர்கள்?’ போய்விடும். ‘சுய இன்பத்தால் உடல்நலம் கெடுமா?’ என்பது பெற்றோர்–ஆசிரியர் கழகத்தை முன்னிட்டுப் போய்விடும். ‘ஆணுறை’ என்ற சொல் மிச்சமிருக்கும் இடங்களில் ‘தகுந்த பாதுகாப்பு முறை’ என்று மாற்றி உடுத்தப்படும். இப்படி நடைமுறை என்னும் மூன்றாம் திருமுகத்துக்கு முக்காடிட்ட பின், எஞ்சிய இரண்டு முகங்களோடு தாங்கள் கேட்கும் கேள்விகள் எத்தனை தூய்மையானவை! ‘தகுந்த பாதுகாப்பு முறைகள் பற்றி உங்களுக்குத் தெரியுமா?’ ‘ஆம்.’ தெரியும் என்றவனுக்கு என்ன தெரியும் என்று தோண்டாத பெருந்தன்மையை நான் வேறெங்கும் கண்டதில்லை.

தங்கள் பெருமை முழுதும் விளங்க வேண்டுமானால், இதே துறையில் ஒருகாலத்தில் நடந்துவிட்ட ஓர் அசம்பாவிதத்தைச் சொல்லியாக வேண்டும். சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் முதுநிலை மாணவியாக இருந்த செல்லப்பன் நிர்மலா, தம் ஆசிரியர் சுனிதி சாலமன் சொன்ன தலைப்பை எடுத்துக்கொண்டார். அவர் ஏன் ஒரு கூடத்தில் நாற்காலி போட்டு அமர்ந்து வினாத்தாள் விநியோகிக்கவில்லை என்பது வரலாற்றுப் புதிர். பாலியல் தொழிலில் பிடிபட்ட பெண்கள் வைக்கப்பட்டிருந்த மயிலாப்பூர்க் காப்பகத்துக்கே போனார். எண்பதுக்கும் மேற்பட்ட பெண்களிடம் இரத்த மாதிரி எடுத்தார். சோதிக்கக் கருவி சென்னையில் இல்லாததால் மாதிரிகளை வீட்டு ஃபிரிட்ஜில் வைத்துக் காத்தார். கணவரோடு இரவு ரயிலேறி வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோனார். 1986 பிப்ரவரி. ஆறு மாதிரிகள் நிறம் மாறின. இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. விவகாரம் சட்டமன்றம் வரைக்கும் போயிற்று.

எவ்வளவு பெரிய முறைகேடு! விடை தெரியாத ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு, விடையும் கண்டுபிடித்து, அரசாங்கத்தின் நிம்மதியையும் கெடுத்துவிட்டார். ‘எய்ட்ஸ் நம் பண்பாட்டுக்கு வராது’ என்று நாடு மகிழ்ந்திருந்த காலம் அது. 1987-ல் அந்த ஆய்வேட்டைச் சமர்ப்பித்துவிட்டு அவர் தம் வேலையைப் பார்க்கப் போனார். நாமும் அவர் பெயரைப் பல ஆண்டுகள் பத்திரமாக மறந்திருந்தோம். தங்கள் திருச்சமூகம் அதன்பின் இப்படியொரு விபத்து நேராமல் பார்த்துக்கொண்டது. விடை முன்கூட்டியே தெரிந்த கேள்விகளை மட்டும் கேட்பது என்ற உயரிய மரபு அதனால்தான் நிலைத்தது.

சர்வேயைப் படித்துவிட்டு அதைப் பற்றி வாய் திறப்பவர்களையும் இந்தப் புண்ணிய பூமி சும்மா விட்டதில்லை. 2005-ல் ஒரு வார இதழ் இந்தியர்களின் பாலுறவுப் பழக்கங்கள் பற்றிக் கணக்கெடுப்பு ஒன்றை வெளியிட்டது. அதையொட்டிக் கருத்துக் கேட்டபோது நடிகை குஷ்பு, மணத்துக்கு முன் உறவு கொள்ளும் பெண்கள் கருத்தரிப்பிலிருந்தும் நோயிலிருந்தும் தங்களைக் காத்துக்கொள்ள வேண்டும் என்ற பொருள்படச் சொல்லிவிட்டார். சுகாதாரத் துறை சுவரில் எழுதி வைக்க வேண்டிய வாசகத்தை ஒரு பெண் வாயால் சொன்னால் சும்மா இருப்பதற்கு நாம் என்ன மரக்கட்டையா? துடைப்பங்கள் உயர்ந்தன, செருப்புகள் உயர்ந்தன, பண்பாடும் கூடவே உயர்ந்தது. நோய்த்தடுப்பு பற்றிய ஒரு கருத்துக்கு 23 குற்றப் புகார்கள். எந்த விழிப்புணர்வுப் பிரசாரமாவது இத்தனை சுறுசுறுப்பான பொதுமக்கள் பங்களிப்பைப் பெற்றதுண்டா? உச்ச நீதிமன்றம்தான் 2010 ஏப்ரலில் அத்தனையையும் ரத்துசெய்து ஐந்தாண்டு உழைப்பை வீணாக்கிவிட்டது.

இனித் தங்கள் மூத்த சகோதரியாராகிய தேசியக் குடும்ப நல ஆய்வு அம்மையாரை வணங்காமல் போனால் பாவம் வந்து சேரும். தாங்கள் முப்பது கேள்வியோடு ஒரு கல்லூரிக்குப் போகிறீர்கள். அவரோ லட்சக்கணக்கான வீடுகளின் கதவைத் தட்டி மெய்யாகவே கணக்கெடுக்கிறார். (உண்மையைச் சொன்னால் அவர் தங்கள் குடும்பத்தில் பிறந்தவராகவே தெரியவில்லை, அத்தனை உழைப்பு.) எச்.ஐ.வி. பற்றிய முழுமையான அறிவு என்று ஓர் அளவுகோல் அவரிடம் உண்டு. ஆணுறையும், தொற்றில்லாத ஒரே துணையும் காக்கும் என்று தெரிய வேண்டும். பார்க்க நலமாக இருப்பவருக்கும் தொற்று இருக்கலாம் என்று தெரிய வேண்டும். கொசு கடித்தாலோ சேர்ந்து சாப்பிட்டாலோ தொற்றாது என்று தெரிய வேண்டும். ராக்கெட் விஞ்ஞானம் அல்ல. 15 முதல் 49 வயதுக்குட்பட்டவர்களில் இது அத்தனையும் தெரிந்தவர்கள் 2015-16-ல் பெண்களில் 20.9 சதவீதம், ஆண்களில் 32.3. அடுத்த சுற்றில், 2019-21-ல், பெண்கள் 21.6, ஆண்கள் 30.7. இடைப்பட்ட காலத்தில் இந்தியப் பெண்குலம் ஒரு சதவீதம்கூட முழுதாக ஏறாத நிதானத்தையும், இந்திய ஆண்குலம் இருந்ததிலும் கொஞ்சம் உதிர்த்துவிட்ட துறவு மனப்பான்மையையும் கவனிக்க வேண்டும். கையில் நெட் வந்தது, டேட்டா மலிவானது, எல்லாப் படமும் எல்லாருக்கும் கிடைத்தது. அப்போதும் இந்த அறிவு மட்டும் அசைந்துகொடுக்கவில்லை என்றால், அதைக் காத்து நிற்கும் கோட்டை எத்தனை வலியது!

கோட்டை கட்டிய கொத்தனார்களுக்கும் மாலை உண்டு. 2006-07-ல் தமிழ்நாடு உட்பட ஆறு மாநிலங்களில் பெரிய அளவில் இளைஞர் ஆய்வொன்று நடந்தது. பாலியல் கல்வியோ குடும்ப வாழ்க்கைக் கல்வியோ எந்த வடிவிலாவது பெற்றவர்கள் ஏறக்குறைய 15 சதவீதம் என்று அது கண்டது. இளைஞர்களில் பெரும்பான்மையோர் இந்தக் கல்வி வேண்டும் என்றும் சொன்னார்கள். கேட்டதைக் கொடுத்தால் பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்பது நம் முன்னோர் வாக்கு. ஆகவே அதே ஆண்டுகளில், 2007-ல், வளரிளம் பருவக் கல்வித் திட்டத்தை மகாராஷ்டிரமும் குஜராத்தும் மத்தியப் பிரதேசமும் கர்நாடகமும் இன்னும் சில மாநிலங்களும் வாசலிலேயே நிறுத்தின. 2009-ல் மாநிலங்களவையின் மனுக்கள் குழு, வெங்கய்ய நாயுடு தலைமையில், பள்ளியில் இப்படியொரு கல்வியே வேண்டாம் என்று அருளிச்செய்தது. மணத்துக்கு முன் உறவு கூடாது என்ற செய்தியைச் சொன்னால் போதும், மற்றபடி எச்.ஐ.வி. போன்ற சங்கதிகள் உயிரியல் பாடத்தில், அதுவும் மேல்நிலை வகுப்புக்கு முன்னால் வராமல், இருக்கட்டும் என்றது. இதன் நுட்பம் பலருக்குப் புரியவில்லை. மேல்நிலையில் வணிகவியல் எடுத்தவனுக்கு உயிரியல் கிடையாது. கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப்புக்குக் கிடையாது. பத்தாவதோடு நின்றவளுக்கு மேல்நிலையே கிடையாது. அப்புறம், இந்நாட்டில் 20 முதல் 24 வயதுப் பெண்களில் 23.3 சதவீதத்தினர் பதினெட்டு நிறையுமுன்பே மணமுடித்தவர்கள் என்று மேற்படி அம்மையாரே கணக்குச் சொல்கிறார். அவர்களுக்குப் பாடம் வந்து சேருவதற்குள் செய்முறைத் தேர்வே முடிந்துவிடுகிறது.

பாடம் வந்துசேரும் பாக்கியவான்களின் வகுப்பறைக்கும் போய் வரலாம். இனப்பெருக்கம் என்ற அத்தியாயத்தை ஆசிரியர் எட்டும் நாளில் எப்படியோ சிலபஸ் ஓடுகிறது, திருப்புதல் தேர்வு நெருங்குகிறது, விடுமுறை வருகிறது. “இது ஈஸியான லெசன்தான். வீட்ல படிச்சுக்கங்க. படம் மட்டும் பாகம் குறிச்சுப் பழகிக்கங்க, அஞ்சு மார்க்.” வீட்டில் அப்பா ஹாலில் உட்கார்ந்திருக்கும்போது அந்தப் பக்கத்தைத் திறக்கும் தீரர்கள் உண்டா? பக்கம் ஒட்டியபடியே ஆண்டு முடிகிறது. அறுவடைக்குப் பின் வயலை அளக்க வரும் மணியக்காரரைப் போலத் தாங்கள் நான்கு பக்கத்தோடு அதே பிள்ளையைத் தேடிக் கல்லூரிக்கு வருகிறீர்கள். விதைத்தார்களா என்று கேட்காமல் விளைச்சலை மட்டும் குறித்துக்கொண்டு, ‘போதிய அறிவு இல்லை’ என்று கையெழுத்திடுகிறீர்கள்.

கல்லூரியில் செஞ்சுருள் சங்கம் என்று ஒன்று தங்களுக்குப் பக்கவாத்தியம் வாசிக்கிறது. டிசம்பர் 1 வந்தால் சிவப்பு ரங்கோலி, மனிதச் சங்கிலி, வாசகப் போட்டி, உறுதிமொழி. ‘ஒழுக்கமே சிறந்த மருந்து’ என்ற வகையில் ஒரு வாசகத்துக்கு முதல் பரிசாக டிபன் பாக்ஸ். நாள் முழுக்க ஒலிபெருக்கி கத்தி ஓய்ந்த பிறகும் ஆணுறை என்ற மூன்றெழுத்தை உச்சரிக்காமல் விழா நடத்தி முடிக்கும் கலையை உலகத்துக்கு நாம்தான் கற்றுக்கொடுக்க வேண்டும். அரசு மருத்துவமனையில் நம்பிக்கை மையம், சுகவாழ்வு மையம் என்று அழகழகான பெயர்களில் இலவசப் பரிசோதனையும் ஆலோசனையும் காத்திருக்கின்றன. அவை எந்தக் கட்டடத்தில், எத்தனையாவது அறையில் என்று விழாவில் யாரும் சொல்லாதது நல்லதுதான். கூட்டம் சேர்ந்துவிட்டால் அங்குள்ள ஆலோசகருக்குச் சிரமம்.

தாங்கள் அளக்காமல் விட்ட இடங்களில்தான் தங்கள் கருணை பொங்கி வழிகிறது. இளைஞனின் அறியாமையை மட்டும் அளக்கிறீர்கள். அவன் போய் நிற்கும் மருந்துக்கடைக் கல்லாப்பெட்டியின் அறிவை ஒருநாளும் அளந்ததில்லை. அவசரக் கருத்தடை மாத்திரையை, உறவுக்குப் பின் 72 மணி நேரத்துக்குள் போட வேண்டிய அந்த லெவோநார்ஜெஸ்ட்ரலை, மருந்துச் சீட்டு இல்லாமலே விற்கலாம் என்று 2005-லேயே மத்திய அரசு சொல்லியாயிற்று. சென்னையில் போய்க் கேட்டுப் பாருங்கள். கடைக்குக் கடை, “அது வர்றதில்லீங்க.” தடை உண்டா என்றால் அதிகாரிகள் தடையே இல்லை என்கிறார்கள். தடை இல்லை, மருந்தும் இல்லை. அது கருக்கலைப்பு மாத்திரை என்று கடைக்காரரே நம்புகிறார். கருவே உண்டாகாமல் தடுப்பது அது என்று அவருக்கு யாரும் ப்ரீ-டெஸ்ட் வைக்கவில்லை. ஆணுறை கேட்டால் கிடைக்கும். மூன்று பெண்கள் இருமல் மருந்து வாங்கிப் போகும் வரை தலைவலித் தைலத்தின் விலையை விசாரித்துக்கொண்டு நிற்கும் வீரம் வேண்டும், அவ்வளவுதான். பொட்டலத்தை ஹிந்து பேப்பரில் சுற்றி, அதை ஒரு கறுப்புக் கவரில் போட்டு, மீதிச் சில்லறையை முகம் பார்க்காமல் தருவார்.

மருத்துவர்களின் ஞானதிருஷ்டி இன்னும் ஒருபடி மேல். அடிவயிற்று வலி, நாள் தள்ளிப்போயிருக்கிறது என்று ஓர் இளம்பெண் போனால் நோய்வரலாறு ஒரே கேள்வியில் முடிந்துவிடுகிறது: “கல்யாணம் ஆயிடுச்சாம்மா?” இல்லை என்றால் சில சோதனைகள் தேவைப்படுவதில்லை, ஆயிற்று என்றால் “மாமியார் வந்திருக்காங்களா?” கருக்கலைப்புச் சட்டத்தில் 2021 திருத்தம் ‘கணவர்’ இருந்த இடத்தில் ‘துணைவர்’ என்று வைத்தது. 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் மணமாகாதவளுக்கும் அதே உரிமை உண்டு என்றது. பதினெட்டுக்குக் கீழே உள்ள பெண்ணென்றால், போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தகவல் தரும்போதும் அவள் அடையாளத்தை மருத்துவர் வெளியிட வேண்டியதில்லை என்றும் சொன்னது. டெல்லியிலிருந்து வரும் இந்தத் தாள்களெல்லாம் ரிசப்ஷன் மேஜையைத் தாண்டுவதில்லை. அங்கே உட்கார்ந்திருக்கும் அக்கா, வெயிட்டிங் ஹால் முழுக்கக் கேட்கும்படி, “என்ன பிராப்ளத்துக்கு வந்திருக்கீங்க?” என்று கேட்கும் வெண்கலக் குரலில் எத்தனை பெண்கள் தங்கள் வலியை மறந்து வீடு திரும்பியிருக்கிறார்கள்! எந்த வலி நிவாரணியும் இவ்வளவு வேகமாக வேலை செய்வதில்லை.

பெருமானே, வாழ்த்து நீண்டுவிட்டது. தங்களுக்கு நிகரான ஒரே தொண்டரை அறிமுகப்படுத்தி முடித்துக்கொள்கிறேன். பேருந்து நிலையக் கழிப்பறைச் சுவரில், மூலம், பௌத்திரத்துக்கு அடுத்த வரியில், அவர் திருநாமத்தைத் தாங்களும் கண்டிருக்கலாம். பரம்பரை வைத்தியர். நள்ளிரவுத் தொலைக்காட்சியில் மாலையோடு தோன்றுவார். மாதம் ஒருமுறை ஒவ்வொரு ஊரிலும் லாட்ஜில் முகாம். சொப்பன ஸ்கலிதம், கைப்பழக்கம், நரம்புத் தளர்ச்சி, சிறுத்துப் போதல் என்று நோயே இல்லாத இடங்களில் நோய்களை நட்டு, தங்க பஸ்பம் கலந்த லேகியத்தால் நீர் பாய்ச்சுபவர். இத்தகைய விளம்பரங்களைத் தடுக்க 1954-லேயே ஒரு சட்டம் வந்தது. அந்தச் சட்டம் கழிப்பறைக்குள் போகக் கூச்சப்படுகிறது போலும்.

ஆனால் பாருங்கள், தங்கள் இருபத்திரண்டு கேள்விக்கும் பயந்து ‘சி’ போட்ட அதே பையன், அவர் லாட்ஜ் அறையில் கட்டில் ஓரமாக உட்கார்ந்து இருபது நிமிடம் மனம்விட்டுப் பேசுகிறான். இரவில் என்ன நடக்கிறது, எதற்குப் பயம், யாரிடம் போனான், எந்தப் படத்தைப் பார்த்து எதை நோய் என்று நினைத்தான், கல்யாணத்துக்கு இன்னும் எத்தனை மாதம் இருக்கிறது, எல்லாவற்றையும். அவர் குறுக்கிடுவதில்லை. திருமணம் ஆயிற்றா என்று கேட்பதில்லை. ரோல் நம்பர் கேட்பதில்லை. பயாஸ் ஆகிவிடும் என்று பயப்படுவதும் இல்லை. “தம்பி, பயப்படாதே, வயசுக் கோளாறு, சரியாயிடும்” என்று தோளில் கை வைக்கிறார். அப்புறம்தான் பன்னிரண்டாயிரம் ரூபாய்ப் பேக்கேஜைச் சொல்கிறார். பையன் அம்மாவின் கம்மலை அடகு வைத்து மறுநாள் வருகிறான்.

ஆகவே தங்கள் திருச்சமூகத்துக்கு ஒரு பணிவான விண்ணப்பம். தங்கள் அடுத்த அவதாரத்துக்கு இணை வழிகாட்டியாக மேற்படி வைத்தியரை நியமித்தருள வேண்டும். அவரிடம் தரவு இருக்கிறது, நெறிமுறைக் குழு இல்லை, முதல்வரின் சிவப்பு மை இல்லை, பையன்களைத் தேடிப் போகவும் வேண்டாம். வரும் ஐந்தாம் தேதி காலை ஒன்பது முதல் மதியம் இரண்டு வரை அவர் நம் ஊரில்தான் முகாம். முன்பதிவுக்கான எண் சுவரில் இருக்கிறது.